தூர் வாரும் திருவிழா

புரட்டாசி பாதி தாண்டியதும் எங்கள் தெருவுக்கு ஒரு திருவிழா வரும். கொடியேற்றம், தேர் எல்லாம் கிடையாது. ஒரு மினி லாரி, நாலு ஆட்கள், இரண்டு கடப்பாரை, நீளக் கம்பில் கட்டிய ஒரு வாளி. அவ்வளவுதான். மழைநீர் வடிகாலின் சிமெண்ட் மூடிகளை ஒவ்வொன்றாக நெம்பித் தூக்குவார்கள். உள்ளேயிருந்து கறுப்பாக, கொழகொழவென்று சேறு வரும். கூடவே பால் கவர், ஒற்றைச் செருப்பு, தேங்காய் மட்டை, போன தீபாவளியின் வெடிக் குப்பை. எல்லாவற்றையும் அள்ளி, வடிகாலின் ஓரத்திலேயே குவிப்பார்கள். தெரு நெடுக, பத்தடிக்கு ஒரு குவியல்.

போன முறை அள்ளிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

“இதை எப்பங்க எடுத்துட்டுப் போவீங்க?”

“காயணும் சார். ஈரத்தோட ஏத்துனா ரோடு பூரா ஒழுவும். அப்புறம் அதுக்கு வேற திட்டுவாங்க.”

“எத்தனை நாள்ல காயும்?”

“வெயில் அடிச்சா ரெண்டு நாளு.”

“நடுவுல மழை வந்துட்டா?”

அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். “வந்துச்சுன்னா மறுபடி நமக்குத்தான் வேலை” என்று சிரித்தார்.

அவர் கையில் உறை இல்லை. காலில் செருப்புகூட இல்லை. மழைநீர் வடிகால் என்றுதான் பெயர். நாற்றம் வேறு கதை சொல்லியது. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ள வைக்கக் கூடாது என்று 2013-ல் சட்டமே வந்துவிட்டது. ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக் கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் சொருகிவிட்டால், காகிதத்தில் அது மழைநீர்தான். அள்ளுகிறவர் கைக்கு மட்டும் வித்தியாசம் தெரியும்.

ஒவ்வொரு வருடமும் இந்தத் திருவிழா ஏன் வருகிறது? ‘சேறு சேர்ந்துவிடுகிறது, அதனால் வாருகிறோம்’ என்பார்கள். நல்ல பதில். சேறு ஏன் அங்கே சேர்கிறது என்று கேளுங்கள். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இத்தனைக்கும் இதற்கான விடை எட்டாம் வகுப்புப் பையனுக்குக்கூடப் புரியும். ஓடுகிற தண்ணீர் மண்ணைச் சுமக்கும். வேகம் குறைந்த இடத்தில் சுமையை இறக்கி வைக்கும். அவ்வளவுதான் விஷயம்.

எவ்வளவு குறைந்தால் எவ்வளவு இறக்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்கு ஆவதில்லை. சுமார் 64 மடங்கு ஆகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்துப் பாடப்புத்தகத்தில் போட்டுவிட்டார்கள். இதையே திருப்பிப் படியுங்கள். வேகம் பாதியானால் தூக்கும் சக்தி 64-ல் ஒரு பங்காகிவிடுகிறது. ஆக, ஒரு வடிகாலின் சரிவு கொஞ்சம் பிசகினாலும், நடுவில் ஒரு கேபிள் குழாய் குறுக்கே போனாலும், ஒரு தெர்மோகோல் துண்டு மாட்டிக்கொண்டாலும் அந்த இடத்தில் தண்ணீர் தயங்கும். தயங்கிய மாத்திரத்தில் மண் இறங்கும். இறங்கிய மண் அடுத்து வரும் தண்ணீரை இன்னும் தயங்க வைக்கும். பிறகு நடப்பதெல்லாம் வட்டிக்கு வட்டி.

நம் ஊர் வடிகால்களின் சரிவைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு வீட்டு வாசலில் உயரும், அடுத்த வாசலில் தாழும். ரோடு போடும்போதெல்லாம் மேலே மேலே போட்டு, வடிகால் ஒரு மட்டம், தெரு ஒரு மட்டம், வீடு ஒரு மட்டம். தண்ணீர் ஓடுவதற்காகக் கட்டிய ஒன்றை மண் படிவதற்கான தொட்டியாகக் கட்டி வைத்திருக்கிறோம். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அதன் மேல் என்ன குற்றம்?

இதே விதியை வேண்டுமென்றே, புத்தியோடு பயன்படுத்தும் இடம் ஒன்று பூந்தமல்லியைத் தாண்டி இருக்கிறது. செம்பரம்பாக்கம் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். 2007-ல் திறந்தார்கள். ஒரு நாளைக்கு 53 கோடி லிட்டர் சுத்தம் செய்யும் திறன் கொண்டது. சுத்திகரிப்பு என்றதும் ஏதோ ராக்கெட் விஞ்ஞானம் என்று நினைக்க வேண்டாம். முக்கால்வாசி வேலை, தண்ணீரைச் சும்மா இருக்க வைப்பதுதான்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு அடி உயரக் கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி, வாசல் மண்ணை ஒரு கைப்பிடி போட்டுக் கலக்கி வையுங்கள். பொடி மணல், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருப்பது, அரை நிமிடத்துக்குச் சற்று மேலே எடுத்துக்கொண்டு அடிக்குப் போய்விடும். அதைவிடப் பத்து மடங்கு சின்ன வண்டல் துகளுக்கு அரை மணி நேரம் ஆகும். இன்னும் பத்து மடங்கு சின்னக் களிமண் துகள்? சுமார் 55 மணி நேரம். அதற்கும் கீழே இன்னொரு பத்து மடங்கு போனால் 230 நாள். ஒரு அடி இறங்குவதற்கு! இந்தப் பொடிகளில் அளவு பத்தில் ஒரு பங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. ஸ்டோக்ஸ் என்பவர் 1851-ல் கண்டுபிடித்த கணக்கு இது.

இருநூற்று முப்பது நாள் காத்திருந்து யார் காபி போடுவது? அதனால்தான் படிகாரம். பொடித் துகள்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி எதிர்மின்னூட்டம் இருப்பதால், ஒன்றை ஒன்று அண்டவிடாமல் விலகி மிதந்துகொண்டிருக்கும். படிகாரம் அந்த மின்னூட்டத்தைச் சரிக்கட்டிவிடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுப் பிசிறு போலத் திரளும். திரண்டால் கனம், கனத்தால் இறக்கம். நம் பாட்டிமார்கள் பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை இழைத்ததும் இதற்குத்தான். (தேத்தாங்கொட்டை என்று சொன்னால்தான் நாட்டு மருந்துக் கடைக்காரருக்குப் புரியும்.)

படியவைக்கும் தொட்டியைப் பற்றி 1904-ல் ஆலன் ஹேசன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு விஷயத்தை நிறுவினார். ஒரு தொட்டி எவ்வளவு மண்ணைப் பிடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது அதன் ஆழம் அல்ல, பரப்பு. ஆழமாகத் தோண்டினால் துகள் இறங்க வேண்டிய தூரமும் அதிகமாகிறது அல்லவா? தண்ணீர் கூடுதல் நேரம் தங்கினாலும், துகளுக்கும் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. கணக்கு சரியாகிவிடுகிறது. லாபம் இல்லை. அகலம்தான் லாபம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரைக்குப் போகும்போது தேவைப்படும்.

சென்னைக்குக் குழாய்த் தண்ணீர் வந்த கதையும் இதுதான். 1872-ல் செங்குன்றத்திலிருந்து திறந்த கால்வாயில் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டி வந்தது 1914-ல். நடுவே 42 வருடம் வடிகட்டாத தண்ணீர்தான். ஏரி எவ்வளவு தெளித்துக் கொடுத்ததோ அவ்வளவுதான் தெளிவு. தனியாகத் தொட்டி கிடையாது. ஏரிதான் தொட்டி.

நம் முன்னோர் ஏரியை அப்படித்தான் நினைத்தார்கள். ஒரு ஏரி வெட்டவில்லை, சங்கிலி வெட்டினார்கள். அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூர் ஏரிக்கு, கொரட்டூர் நிறைந்தால் ரெட்டேரிக்கு. அந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர், நேமம், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பி வழிந்தால் செம்பரம்பாக்கத்துக்கு. மேல் ஏரி மண்ணைப் பிடித்துக்கொண்டு கீழ் ஏரிக்குத் தெளிந்த தண்ணீரை அனுப்பும்.

பிடித்த மண்ணை என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். குமிழித் தூம்பு என்று ஒரு மதகு. கரையிலிருந்து தள்ளி ஏரிக்குள்ளே இருக்கும். அதில் இரண்டு வகைத் துளை. தரையிலிருந்து சற்று உயரத்தில் நீரோடித் துளை. அதன் வழியே தெளிந்த நீர் போகும். தரை மட்டத்தில் சேறோடித் துளை. தூம்பைத் திறந்ததும் நீரின் இழுவிசையில் அடியிலுள்ள சேறு கலங்கி அதன் வழியே வெளியேறி, நேராக வயலுக்குப் போகும். வருடத்துக்கு ஒரு முறை டெண்டர் விடவில்லை, தண்ணீர் திறக்கும்போதெல்லாம் தூர் தானே போயிற்று. மிச்சம் படிந்ததைக் கோடையில் விவசாயி வண்டி கட்டி வந்து அள்ளினார். அவருக்கு அது எரு. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனியாகக் குழுவே இருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தேர்ந்தெடுக்கப்படத் தகுதி, தகுதியின்மை எல்லாம் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். அதில் கணக்குக் காட்டாதவர் நிற்கக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அதை மட்டும் இப்போது கொண்டுவந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். விடுங்கள்.

பழம்பெருமை பேசி முடித்துவிட்டு எழுந்து போகிறவன் இல்லை நான். அந்த ஏற்பாடு இன்று ஏன் வேலை செய்யாது என்பதுதான் பிரச்னை. அம்பத்தூரில் 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. வேலை வந்தது, வீடுகள் வந்தன, வயல்கள் பிளாட் ஆயின. ஆயக்கட்டு இல்லாத ஏரிக்கு மதகு எதற்கு? மதகை அடைத்தாயிற்று. வண்டலை எடுக்க வண்டி வராது. 2017-ல் விவசாயிகள் ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தபோது கேட்க நன்றாக இருந்தது. அம்பத்தூரில் எந்த விவசாயி எடுப்பார்? மூன்றாவது மாடி பால்கனியில் துளசி வளர்க்கிறவரா?

அதோடு, ஏரிக்குள் இப்போது இருப்பது வண்டலே அல்ல. மலையும் மேடும் கரைந்து வருவது வண்டல். ஆலையும் கழிவறையும் கரைந்து வருவதற்குப் பெயர் கசடு. கொரட்டூர் ஏரிக்குள் கழிவுநீர் வருவதை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் இயக்கமாகத் திரண்டார்கள். விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அடியில் படிந்த கறுப்புக் குழம்பைக் கம்பால் குத்தினால் குமிழி குமிழியாக வாயு வரும். அழுகிய முட்டை நாற்றம். ஆலைக் கழிவு கலந்த கசடில் உலோகங்கள் இருக்கக்கூடும். பரிசோதிக்காமல் அதை வயலில் கொட்ட முடியாது, பூங்காவிலும் கொட்ட முடியாது. ஆனால் நம் அரசாங்கக் காகிதங்களில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. தூர். தூர் வாரினோம், இத்தனை கன மீட்டர், இத்தனை லட்சம். வந்த வழியை அடைக்காமல் வாரினால் அடுத்த வருடம் அதே இடத்தில் அதே அளவு இருக்கும். குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறவரை வீட்டில் என்னவென்று சொல்வார்கள்?

இதைக் கேட்டால் அடுத்த பதில் தயாராக இருக்கிறது. “ஏரியை ஆழப்படுத்தியிருக்கிறோம் சார். பரப்பு கொஞ்சம் குறைஞ்சாலும் கொள்ளளவு அதே அளவுதான்.”

இங்கேதான் ஹேசனைக் கூப்பிட வேண்டும். கொள்ளளவுக்கு ஆழம் போதும், ஒப்புக்கொள்கிறேன். தெளிவுக்குப் பரப்பு வேண்டும். ஓரத்தில் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டு நடுவில் தோண்டினால் அது ஏரி அல்ல, கிணறு. மேல் ஏரியின் பரப்பு சுருங்கச் சுருங்க, அது பிடிக்க வேண்டிய மண்ணெல்லாம் கீழ் ஏரிக்குப் போகும். இன்னொன்றும் உண்டு. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் தானாக வெளியே வராது. அளவுக்கு மீறித் தோண்டினால் நூற்றாண்டுகளாகப் படிந்து இறுகிய களிமண் தரையும் கிழிந்துபோகும்.

தோண்டுகிறவர்களுக்கு ஆழத்தில் ஏன் இவ்வளவு ஆசை என்பது ரகசியமும் இல்லை. கசடை அள்ளினால் வாங்க ஆள் கிடையாது. அதற்குக் கீழே இருக்கும் மண்ணுக்கு மனை போடுகிற இடத்தில் நல்ல விலை. சவுடு மண் எடுக்க அனுமதி வாங்கிவிட்டு மணல் அள்ளிய வழக்குகள் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போயிருக்கின்றன. எல்லா ஏரியிலும் அப்படித்தான் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் லோடு கணக்கில் பணம் கொடுத்தால் லோடுதான் நிறையும், ஏரி நிறையாது. இது தெரிவதற்கு உளவுத்துறை வேண்டாம்.

ஏரியை அழகுபடுத்துவதற்கும் ஒரு மோகம் வந்திருக்கிறது. ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் 2019-ல் பசுமைப் பூங்கா திறந்தார்கள். நடைபாதை, பறவைகளுக்குத் தீவு. நானும் போய் நடந்திருக்கிறேன். காலையில் நன்றாகவே இருக்கிறது. நடைபாதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் எந்த ஏரியிலும் நடைபாதைக்கு முன்னால் வர வேண்டியவை இரண்டு. உள்ளே வரும் கால்வாயின் வாயில் ஒரு சின்ன மண்பிடிப்புத் தொட்டி. கழிவுநீரைத் தனியே திருப்பிவிட ஒரு வழி. முதலில் அகலமான சிறு குட்டையில் நின்று, மண்ணை அங்கே இறக்கிவிட்டுத் தண்ணீர் ஏரிக்குள் நுழைய வேண்டும். வருடா வருடம் அந்தக் குட்டையை மட்டும் வாரினால் போதும். செம்பரம்பாக்கத்துச் சுத்திகரிப்பு நிலையத்தில் செய்கிற அதே வேலை, ஏரி வாசலில். செலவும் குறைவு. ஆனால் அதில் ரிப்பன் கட்டினால் போட்டோ நன்றாக வராது.

இதெல்லாம் யாரோ படிக்க வேண்டிய பாடம் என்று நினைக்காதீர்கள். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் அந்தக் கொள்ளளவு போதாமல் வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட, அடையாற்றங்கரை என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். நாலே வருடம் கழித்து, 2019 கோடையில், அதே ஏரி வெடித்துக் கிடந்தது. பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்துக் கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீரைக் குழாய் போட்டு இழுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்தம் செய்து நமக்குக் கொடுத்தார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எந்த மலையை உடைத்து வீடு கட்டினோமோ, அந்தக் குழியில் நின்ற தண்ணீரைக் குடித்தோம்.

அந்தக் கோடைதான் ஏரியின் அடி வெளியே தெரிந்த நேரம். காய்ந்த தரையில் மட்டம் பார்க்கும் கருவியோடு நடந்தே போய், எங்கே எத்தனை அடி படிந்திருக்கிறது என்று அங்குலம் அங்குலமாக அளக்கலாம். பூண்டியில் நீரியல் ஆராய்ச்சிக்கென்றே அரசு நிறுவனம் வைத்திருக்கிறோம். அளக்கத் தெரியாமல் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு ஏரிக்கும் தூர் வாருவதற்கு முன் அடிமட்டம் எவ்வளவு, வாரிய பின் எவ்வளவு, அடுத்த கோடையில் எவ்வளவு என்று மூன்று எண்களை ஏரிக்கரையிலேயே பலகையில் எழுதி வையுங்கள். காண்ட்ராக்டருக்கு லோடு கணக்கில் பணம் வேண்டாம், மட்டக் கணக்கில் கொடுங்கள். மூன்றாவது எண் பழையபடி ஏறியிருந்தால், மண் எங்கிருந்து வருகிறது என்று அப்போதாவது யாராவது மேலே நடந்து போய்ப் பார்ப்பார்கள்.

மேலே நடந்தால் எங்கே போய்ச் சேருவார்கள் தெரியுமா? நம் வாசலுக்கு.

எங்கள் தெருவில் இன்றைய தேதிக்கு நாலு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாலு வீட்டின் எம்சாண்டும் ஜல்லியும் தெருவில்தான். தார்ப்பாய் கிடையாது, சுற்றிச் செங்கல் தடுப்பு கிடையாது. ஒரு மழைக்குக் கால் லோடு வடிகாலுக்குள் போகும். போர் போடுகிறவர் துளையிலிருந்து வரும் பால் போன்ற சேற்றுத் தண்ணீரை அப்படியே ரோட்டில் விடுவார். 55 மணி நேரம் ஆகும் என்று சொன்னேனே, அதே களிமண். கார் நிறுத்த வசதியாக வடிகாலின் வாயைச் சிமெண்ட் சரிவு போட்டு மூடியவர்களும் நாம்தான். பிறகு வெள்ளம் வந்தால் டிவி மைக்கைப் பிடித்து, ‘அதிகாரிங்க யாரும் எட்டிக்கூடப் பார்க்கலை’ என்போம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. அந்தத் தண்ணீரில் என் வாசல் மண்ணும் கொஞ்சம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மூன்று வருடம் முன்பு மாடி எடுத்தபோது நானும் மணலைத் தெருவில்தான் கொட்டினேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

வடிகால் பெரியவர் சேற்றைக் குவித்துவிட்டுப் போன அன்று ராத்திரியே நல்ல மழை. காலையில் பார்த்தால் தெரு கழுவிவிட்டதுபோல இருந்தது. ஒரு குவியல்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் டம்ளரும் கையுமாக வெளியே வந்தார். “பரவாயில்லையே சார், ராத்திரியோட ராத்திரியா லாரி வெச்சு எடுத்துட்டாங்க போலிருக்கு” என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. கடப்பாரை இருந்தால் கொண்டு வாருங்கள், அந்த மூடியை ஒரு கை பிடித்துத் தூக்கலாம் என்றேன்.